வாய்ப்புண்ணும் கால் மரப்பும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்குக் கோதுமை மா ரொட்டி நாளாந்த உணவாகும். காலையில் மலைக்குச் செல்வோரின் பசியை அது நெடுநேரம் தாங்கும். எனினும் ஒரு சிலருடைய உடல் அந்த மாவை ஏற்பதில்லை.

கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. மரபுவழி அதற்கு ஒவ்வாத இயல்புடையோர் சிலர், அதனை உண்ணும்போது அவர்தம் நோயெதிர்ப்பு ஆற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அதனால் இரும்பு முதலிய சத்துகள் உடலிற் சேர்வது குன்றும். இதுவே சீலியாக் நோய். ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

வயிற்றோட்டமே இதன் அடையாளம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வயிற்றுத் தொல்லை சிறிதுமின்றியும் இந்நோய் மறைந்திருக்கும். ஆறி ஆறி மீண்டும் தோன்றும் வாய்ப்புண், வழவழப்பாகிச் சிவந்து எரியும் நாக்கு, கைகால் மரத்தல், தள்ளாடும் நடை ஆகியவை அதன் வெளிப்பாடாகலாம். காரணம் புலப்படாத நரம்பு நோயாளர் பலருடைய இரத்தத்தில் குளூட்டனுக்கு மாறான எதிர்ப்பொருள் இருந்ததை, இங்கிலாந்தின் செபீல்ட் நகர வைத்தியர்கள் 1996இல் வெளியிட்டனர்.

2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, இந்நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும் தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இருப்பதாகக் காட்டியது. மரபியல்பு இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றே. கோதுமை உண்ணும் அளவே பெரிதும் வேறுபட்டது. தென்னாட்டு வழிவந்து, நாள்தோறும் கோதுமை உண்ணும் தோட்ட மக்கள் இதனைக் கருத்திற் கொள்வது தகும்.

வாய்ப்புண்ணை உடற்சூடு என்றும், கால் மரப்பை முதுமை என்றும் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் கொழுந்துச் சுமையுடன் சரிவில் இறங்குவோருக்கு உணர்ச்சியற்ற பாதம் பேராபத்தாகும்.

எல்லா வாய்ப்புண்ணும் சீலியாக் அன்று. 2006, 2007ஆம் ஆண்டுகளில் சப்பிரகமுவவில் நடந்த கணிப்பில், முப்பது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு ஏறக்குறைய பதினொருவரிடம் புற்றுநோயாக மாறக்கூடிய வாய்க்கோளாறுகள் காணப்பட்டன. வெற்றிலை மெல்லும் பழக்கமே அவற்றின் பெருங்காரணம். கால் மரப்புக்கும் நீரிழிவு, பீ12 விற்றமின் குறைவு முதலிய காரணங்கள் உண்டு.

ஆகவே மூன்று வாரத்தில் ஆறாத புண்ணையும், நீங்காத மரப்பையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இரத்தப் பரிசோதனையும், தேவையாயின் குடற் பரிசோதனையும் சீலியாக் நோயைத் தெளிவுபடுத்தும். அதற்கு முன் ரொட்டியை நிறுத்தினால் நோய் சோதனைக்குத் தப்பிவிடக்கூடும். நோய் உறுதியானபின், கோதுமை முதலிய குளூட்டன் உள்ள உணவுகளை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே மருந்து. அரிசி, குரக்கன், சோளம், மரவள்ளி, பலா ஆகியவை அதன் இடத்தை நிரப்பும். பெரும்பாலும் வாய்ப்புண் ஆறிவிடும். நரம்போ, நெடுங்காலம் கெட்டபின் முழுமையாக மீளாதிருக்கலாம். காலத்தே அறிதலின் பயன் இதுவே.