கவாத்துக் கத்தரி வைப்பதுதான் இங்கே பருவம்

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் விளைவது விதையில்லாத் திராட்சை. தை பிறந்து வெயில் ஏறும்வரைதான் அறுவடை, பிறகு அடுத்த ஆண்டுதான். தெற்கே கம்பம் பக்கம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று போனால் கதையே வேறு. கருநீலப் பன்னீர் திராட்சை எந்த மாதமும் ஏதாவதொரு பந்தலில் தொங்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தப் பன்னீருக்குத்தான்.

ஒரே கம்பம் பள்ளத்தாக்கில் ஏன் இந்த வேறுபாடு? குளிர்நாட்டில் திராட்சைக் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். கம்பத்தில் அந்தக் குளிர் இல்லை. கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, நாளிலிருந்துதான் அதற்குப் பருவம் தொடங்குகிறது. பன்னீர் ரகம் வெட்டிய ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் தந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தேதி மாறுவதால் சந்தைக்குப் பழம் ஓயாமல் வருகிறது.

ஓடைப்பட்டி ரகத்துக்கு இந்த அவசரம் ஒத்துவராது. கோடையில் ஒரு கவாத்து, கிளை திரளுவதற்கு. மழைக்காலத்தை ஒட்டி இன்னொன்று, காய்ப்புக்கு. இரண்டு வெட்டுக்கு ஒரே மகசூல். வேலையும் கூடுதல். காயைப் பெருக்கவைக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியை விதைதான் சுரக்கிறது. விதையே இல்லாததால், பிஞ்சுப் பருவத்தில் அதை வெளியிலிருந்து குலைக்குக் கொடுக்க வேண்டும். இல்லையேல் பழம் சிறுத்துப்போகும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைக் கையேட்டில் ஹெக்டேருக்கு ஆண்டு மகசூல் பன்னீருக்கு 30 டன், விதையில்லாததற்கு 15 டன்.

பன்னீரின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் மணத்துக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாவிலும் அது உண்டு. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்றே இங்கே சொல்லி வருகிறார்கள். ஆனால் இந்த ரகம் இங்கிலாந்துக் கண்ணாடி வீடுகளில் உருவானது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் என்கிறது தோட்டக்கலை வரலாறு. இரண்டும் பொருந்தவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறு ரகமாக இருந்திருக்கலாம். எப்படியானாலும் முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்து, பள்ளத்தாக்குக்குப் பாசனம் உறுதியான பிறகுதான் இவ்வளவு பந்தல் சாத்தியமாயிற்று.

கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போடும் பந்தலுக்கே முதலில் பெரும் பணம் போய்விடும். அதன்பின் பயம் மழைதான். பழுக்கும் நேரத்தில் பெய்தால் பழம் வெடிக்கும். ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெள்ளையாகப் படரும். பறித்த பன்னீரும் அதிக நாள் தாங்காது. வியாபாரி சொன்ன விலைக்கே விவசாயி இறங்கிவருவது அதனால்தான்.

இந்த இடத்தில் புவிசார் குறியீட்டால் என்ன பயன்? அது பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. வேறு ஊர்ப் பழத்தைக் ‘கம்பம் பன்னீர்’ என்று விற்றால் வழக்குப் போடலாம். அதுவும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியாகப் பதிந்துகொண்ட விவசாயிக்கே முழு உரிமை. பதியாமல் பெட்டியில் அள்ளி அனுப்புகிறவரைக்கும் அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்கும் காகிதம்தான். குளிர்பதனக் கிடங்கும், சாறு பிழியும் ஆலையும் அருகிலேயே இருந்தால் பன்னீர் விவசாயிக்கு அதைவிடப் பலன் அதிகம். ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்கு 2023-இல் அந்தச் சான்றிதழும் கிடைக்கவில்லை.