இரும்பும் களைக்கொல்லியும்: உயிரணு சாகும் விதம்



நல்லெண்ணெயைத் திறந்து வைத்து நாள் கடந்தால் காறிப் போகிறது. அதையே துருப்பிடித்த தகரத்தில் ஊற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் காறிப் போகும். காற்றிலுள்ள பிராணவாயு கொழுப்பைக் கெடுக்கிறது. இரும்பு அந்த வேலையை விரைவாக்குகிறது. இதே காரியம் நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் உயிரைக் காத்துக்கொள்ளலாம்.

உயிரணு எப்படிச் சாகிறது?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் கொழுப்பு நிறைய உண்டு. காலம் முடிந்த உயிரணு தானே சுருங்கி, சத்தமில்லாமல் விடைபெறுவது ஒரு வகைச் சாவு. அதற்கு 1972-இல் அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர் இன்னொரு வகைச் சாவைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் ஃபெர்ரம் என்றால் இரும்பு.

இரத்தத்துக்கு இரும்பு அவசியம். அதனால்தான் உடம்பு அதைப் புரதப் பெட்டிக்குள் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறது. பூட்டை விட்டு வெளியே வந்த இரும்புதான் ஆபத்து. அது காய்ந்த லாலாங்கில் விழுந்த நெருப்புப் பொறி மாதிரி. ஒரு புல் பிடித்தால் பக்கத்துப் புல்லும் பிடிக்கும். அப்படியே சவ்வின் கொழுப்பு வரிசையாகக் கெட்டு, சவ்வு கிழிந்து, உயிரணு செத்துப் போகிறது. இதை அணைக்க உடம்பில் குளுட்டாத்தையோன் என்ற பொருளும், செலினியம் கலந்த ஒரு நொதியும் காவல் நிற்கின்றன. காவல் தளர்ந்தால் நெருப்பு ஜெயிக்கும்.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

பாராகுவாட் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1962-இல் விற்பனைக்கு வந்த களைக்கொல்லி இது. கெலாங் பாத்தா மாதிரி செம்பனையும் ரப்பரும் இருந்த இடங்களில், தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவர்களில் பெண்களும் நிறையப் பேர். நாம் அதை "மருந்து" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது மருந்தல்ல, நஞ்சு. நம் அரசாங்கம் 2002-இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை போட்டது.

இந்த நஞ்சு உடம்புக்குள் போனால் பிராணவாயுவையே எதிரியாக மாற்றுகிறது. ஒருமுறை வேலை செய்து தீர்ந்து போவதில்லை. அதே துளி திரும்பத் திரும்ப வேலை செய்யும். நுரையீரலின் உயிரணுக்கள் அதைத் தேடி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பிராணவாயு நிறைந்த இடமும் அதுதான்! அதனால்தான் இந்த நோயாளிக்கு மருத்துவமனையில் எடுத்த எடுப்பிலேயே ஆக்சிஜன் வைக்கத் தயங்குவார்கள். "மூச்சு வாங்குது, காத்து வைக்கலியே" என்று உறவினர் கோபப்படக் கூடாது.

இதில் இரும்புக்கும் பங்குண்டு. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கோஹன், செவியோன் இருவரும் எலிகளை வைத்துச் சோதித்து 1985-இல் எழுதினார்கள். இரும்பு கொடுத்த எலிகளுக்குப் பாராகுவாட்டின் கொடுமை கூடியது. இரும்பைப் பிடித்து வைக்கும் டெஸ்ஃபெரியோக்சமின் கொடுத்த எலிகளுக்குக் குறைந்தது. ஆனால் மனிதருக்கு இன்றுவரை உறுதியான முறிவு மருந்து கிடையாது. பாராகுவாட் கொல்வது இந்த ஒரு வழியில் மட்டும் அல்ல என்பதும் காரணம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆய்வுக்கூடத்தில் மூன்று வழிகள் முக்கியமானவை. ஒன்று, சாயம். கொழுப்பில் கலக்கும் ஒரு சாயம் உயிரணுவுக்குள் சிவப்பாக ஒளிரும். கொழுப்பு கெடக் கெட அது பச்சையாக மாறும். இரண்டு, தடுத்துப் பார்ப்பது. இரும்பைப் பிடித்து வைக்கும் மருந்தைக் கொடுத்து உயிரணு பிழைத்தால், குற்றவாளி இரும்பு என்று தெரிந்துவிடும். மூன்று, எலக்ட்ரான் நுண்ணோக்கி. உயிரணுவின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா சிறுத்துப் போயிருக்கும்.

மருத்துவமனையில் சோதனை இன்னும் எளிது. அங்கே தேடுவது நஞ்சையே. நோயாளியின் சிறுநீரில் சோடியம் டைத்தியோனைட் என்ற பொடியைக் காரம் சேர்த்துப் போடுவார்கள். பாராகுவாட் இருந்தால் சிறுநீர் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு ஆபத்து.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

இந்த ஒரு வார்த்தைதான் ஆளைக் கொல்கிறது. முதல் நாள் வாய் எரியும், வாந்தி வரும். பிறகு கொஞ்சம் தெளிந்தது போல இருக்கும். "டிரஸரையா, இப்ப ஒண்ணுமில்லே, வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். ஆனால் உள்ளே கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் சில நாளில் கெடும். நுரையீரல் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், தழும்பு பிடித்து இறுகும். மூச்சு முட்டுகிறபோது வந்தால் நேரம் கடந்துவிட்டது. முதல் சில மணி நேரத்துக்குள் வந்தால் கரித்தூள் கொடுத்து நஞ்சை வயிற்றிலேயே பிடிக்கப் பார்க்கலாம்.

நினைவில் வையுங்கள்

1. பழைய ஸ்டோரிலோ லயத்துக் கொல்லையிலோ பாராகுவாட் கிடந்தால் தொடாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். நிர்வாகத்துக்கும் விவசாய இலாகாவுக்கும் தகவல் கொடுங்கள்.

2. எந்தக் களைக்கொல்லியையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது கலர்த் தண்ணீர்தான்.

3. மேலே கொட்டினால் உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். காயம்பட்ட தோல் வழியாகவும் நஞ்சு உள்ளே போகும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள்.

4. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலி இல்லாவிட்டாலும் 999-ஐ அழையுங்கள். டப்பாவையும் லேபிளோடு கொண்டு வாருங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நஞ்சு மையம் டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்லும்.

5. மனக்கஷ்டத்தில் ஒருவர் குடித்திருந்தால் திட்டாதீர்கள், மறைக்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடைசியாக, கர்ப்பிணித் தங்கைமார்களுக்கு ஒரு சொல். இரும்பு என்றதும் பயந்து கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சொன்ன அளவு சாப்பிட்டால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் பலம். ஆனால் மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடம்பு இரும்பைப் பூட்டி வைக்கிறதல்லவா? நாமும் மாத்திரையைப் பூட்டியே வைப்போம்.