ஒளியை வளைத்த பேராசிரியர்

இரத்தினபுரி வீதியோரத்தில் மாணிக்கக்கல் வியாபாரிகள் கூடிநிற்பது நாம் எல்லோரும் கண்ட காட்சி. நீலக்கல்லொன்றை இரு விரல்களிடையே பிடித்து, வெயிலிலே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நன்கு பட்டை தீட்டிய கல்லினுள் புகுந்த ஒளி, அடிப்புறத்தால் வெளியேற மாட்டாது உள்ளேயே தெறித்து, நம் கண்ணை நோக்கித் திரும்புகின்றது. கல் சுடர்விடுவது இதனாலேயே. பௌதிகவியலில் இதனை முழு அகத்தெறிப்பு என்பர். கடலடியிலே கண்டங்களை இணைத்துச் செய்தி கொண்டுசெல்லும் கண்ணாடி நாரும் இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றது.

அந்நாரின் வரலாற்றிலே ஒரு பள்ளிச் சிறுவனின் ஐயமும் கலந்திருக்கிறது. நரீந்தர் சிங் கபானி 1926ஆம் ஆண்டு பஞ்சாபிலுள்ள மோகாவிற் பிறந்து, டேராடூனிற் படித்தவர். ஒளி நேர்கோட்டிலேயே செல்லும் என்று ஆசிரியர் கூறியபோது, அதனை வளைக்க இயலாதா என்ற எண்ணம் தம்முள் எழுந்ததாக அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு.

அவ்வெண்ணம் அவரை விடவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கற்றையாக்கி, வளைந்த பாதையினூடே ஓர் உருவத்தைக் கொண்டுசென்று காட்டினார். அதன் விவரம் 1954 சனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. வயிற்றினுள்ளே நோக்கும் மருத்துவக் கருவிக்கு அவ்வாய்வு வழிகோலியது. பின்னர் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராய் அமர்ந்து கற்பித்த கபானி, 2020 டிசம்பரில் மறைந்தார்.

அந்நாளைய கண்ணாடியில் ஒளி சிறிது தூரத்திலேயே மங்கிற்று. கண்ணாடியிலுள்ள மாசே குற்றவாளி, அதனை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்று 1966இல் சார்ல்ஸ் காவோ எடுத்துரைத்தார். 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய நாரிலே பதினைந்து கிலோமீற்றர் சென்ற பின்னரும் ஏறக்குறையப் பாதி ஒளி எஞ்சுகின்றது.

ஆய்வோடு போதனையும் வளர்ந்தது. டில்லி இந்தியத் தொழினுட்பக் கழகப் பேராசிரியர்களான அஜோய் கட்டக், தியாகராஜன் இருவரும் எழுதிய ஒளியியல் நார் அறிமுக நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1998இல் வெளியிட்டது. பல்கலைக்கழகம் புகும் மாணவர்க்கு அது நல்ல துணை.

நம் சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடிக்கிடக்க, பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. தோட்டப் பிள்ளைகள் பலர் அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறினர். கண்ணாடி நார் நகரத்தோடு நின்றுவிடின், லயத்துப் பிள்ளையின் கல்வியும் இடையிலே நின்றுவிடும். அந்நாரை மலைமேற் கொண்டுவரும் பொறியியலாளர், இறப்பர்ப் பால் வெட்டுவோர் வீட்டிலும் கொழுந்து பறிப்போர் வீட்டிலும் தோன்ற வேண்டாமா?

மாணவர்களே, இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலின் பக்கத்தில் சிறு துளையிட்டு நீர் நிரப்புங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, துளைக்கு நேர் எதிர்ப்புறமிருந்து டோர்ச் ஒளியைச் செலுத்துங்கள். வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து சென்று, கீழே ஏந்திய உள்ளங்கையை எட்டும். 1840களில் ஜெனீவா நகரத்துக் கொலடோன் காட்டிய வித்தையும் இதுவே.

பெற்றோரே, அப்போது பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால் அதட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கபானியின் ஆய்வும் அத்தகைய ஒரு கேள்வியிலேதான் தொடங்கிற்று.