கோவளத்துக் கடற்கரையில் மூன்று நாள்

பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே அரபிக் கடலும் ஏறக்குறைய ஒத்த தொலைவில் இருக்க, நாம் இரண்டிற்கும் நடுவே மேட்டு நிலத்தில் வாழ்கிறோம். இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அலசூர் ஏரியே பெரிய நீர்ப்பரப்பு. விடுமுறையில் ஊருக்குச் சென்றாலும் உறவினர் வீடு, திருமணம், குலதெய்வ வழிபாடு என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. சென்னையில் தங்க நேர்ந்தால் மெரினாவில் அரை மணி நேரமும் ஒரு பொட்டலம் சுண்டலுமே பிள்ளைகள் கண்ட கடல்.

‘கடற்கரையில் இரண்டு நாள் தங்கி வரலாமே’ என்று வீட்டில் எவரேனும் சொன்னால், ‘அதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு’ என்று விடை கூறிவிடுகிறோம். அவ்விடை சரிதானா என்று ஆராயவே சென்ற மாசித் திங்களில் நாங்கள் நான்கு குடும்பத்தார் புறப்பட்டோம். நாங்கள் தேர்ந்த இடம் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். கேரளத்துக் கோவளம் வேறு. அதனைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்வோம்.

வழிப் பயணம்

வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையில் லால்பாக் விரைவு ரயிலில் ஏறினோம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு ஆளொன்றுக்கு இருநூறு ரூபாயும் ஆகவில்லை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு சென்றமையால் வழியில் உணவுக்கென ஒரு காசும் செலவில்லை. பங்காருப்பேட்டை, குப்பம் கடந்து, காட்பாடி, அரக்கோணம் வழியாக ஏறத்தாழ 360 கி.மீ. ஓடி, நண்பகல் அளவில் சென்னை சென்ட்ரலை அடைந்தோம்.

நிலைய வாயிலில் வாடகைக் கார்க்காரர் ஒருவர் கோவளத்திற்குக் கேட்ட தொகை, எங்கள் குடும்பம் ஒன்றின் ரயில் செலவினும் மிகுதி. நாங்கள் திருவான்மியூருக்கு ஒரு பேருந்தும், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மற்றொரு பேருந்துமாகச் சென்றோம். சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்டிர் இதனை அறிந்து கொண்ட மகிழ்ச்சி சிறிதன்று. முட்டுக்காட்டுக் கழியின் பாலத்தைக் கடந்ததும் உப்புக் காற்று முகத்தில் வீசியது. சிறிது தொலைவில் கோவளம் வந்தது.

ஊரும் அதன் பழமையும்

கோவளம் சிறிய ஊர். மீனவர் குப்பம், கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா ஆகிய மூன்றும் அருகருகே உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இது துறைமுகமாகவும் கோட்டையாகவும் இருந்தது. 1752-இல் கிளைவின் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டை இன்று இல்லை. அது நின்ற இடத்தில் பெரிய விடுதி ஒன்று நிற்கிறது. கடற்கரையின் தூய்மைக்காக வழங்கப்படும் ‘நீலக்கொடி’ என்னும் பன்னாட்டுச் சான்றினை இவ்வூர் 2021-இல் பெற்றது.

குப்பத்தை அடுத்த சிறு விடுதி ஒன்றில் குடும்பத்திற்கு ஓர் அறையாக எடுத்துக்கொண்டோம். கட்டில், மின்விசிறி, குளியலறை ஆகியவை இருந்தன. இவற்றிற்கு மேல் நமக்கு வேண்டுவது என்ன?

அந்தி வேளையில் நிகழ்ந்தது

இங்கே எங்கள் குற்றம் ஒன்றை மறையாது சொல்ல வேண்டும். மாலையில் கடற்கரைக்குச் செல்லும்போது எங்களுடன் வந்த தாய்மார் ஒருவர், ‘குப்பத்துப் பக்கம் போகாதீர்கள்’ என்று பிள்ளைகளை எச்சரித்தார். எங்களுள் எவரும் அதனை மறுக்கவில்லை. பிள்ளைகளும் குப்பத்தை விட்டு விலகி, ஆளில்லாத ஓரிடத்திற்கு ஓடினர். அவ்விடத்தில் அலை உடையவில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே ஒரு துண்டு நீர் மட்டும் குளம்போல் அமைதியாகக் கிடந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதுவே நல்ல இடம் என்று எண்ணி இறங்கினான்.

வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதனைக் கண்டார். கூவிக்கொண்டே எழுந்து ஓடி, இடுப்பளவு நீரில் நின்ற பையனின் கையைப் பற்றிக் கரைக்கு இழுத்து வந்தார். நாங்கள் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ‘தம்பி, அலை இல்லாத இடந்தான் பொல்லாத இடம். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது. ஆளையும் கொண்டுபோய்விடும்’ என்றார் அவர். எச்சரித்த அந்தத் தாயே கை கூப்பி, ‘ஐயா, எங்கள் பிள்ளையைக் காத்தீர்கள்’ என்று கண் கலங்கினார். ‘பயப்படாதே அம்மா, தெரிந்துகொண்டால் போதும்’ என்று கூறிவிட்டு அவர் மீண்டும் வலையருகே சென்று அமர்ந்தார்.

நேயர்கள் இதனைத் தம் பிள்ளைகட்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர், மணல்மேட்டின் இடைவெளி வழியே ஓர் ஆறுபோலக் கடலுக்குத் திரும்புகிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டால் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அதன் பின்னரே கரை நோக்கித் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதிருப்பதே நன்று. எந்தப் பகுதியினின்று எங்கள் பிள்ளைகளை விலக்கினோமோ, அப்பகுதியினரின் அறிவே எங்கள் வீட்டுப் பிள்ளையைக் காத்தது. அன்றிரவு எங்களுள் பலர்க்கு இந்நினைவே மேலோங்கி நின்றது.

அலை ஏறும் கலை

மறுநாள் வைகறையில் மீண்டும் கடற்கரையை அடைந்தோம். நீண்ட பலகைகளை ஏந்திய குப்பத்து இளைஞர்கள் கடலுள் நடந்து சென்றனர். பலகைமேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவி, அலை பின்னால் எழுந்ததும் ஒரே துள்ளலில் எழுந்து நின்று, கரை நோக்கிச் சறுக்கி வந்தனர். இதனையே சர்பிங் என்கின்றனர். அலைச்சறுக்கு என்று தமிழில் வழங்குகிறது. பசிபிக் கடலின் அவாய்த் தீவினரும் தாகித்தித் தீவினரும் பண்டே கைக்கொண்டிருந்த கலை இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்று 2021-இல் நடைபெற்றது.

அயல்நாட்டுக் கலையாயினும் இதன் உட்பொருள் நம் பரதவர்க்குப் புதிதன்று. கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலம் நம்மிடமிருந்தே பெற்றது. அக்கட்டுமரத்தை அலையின் முதுகில் ஏற்றிக் கவிழாமல் கரை சேர்ப்பது நெய்தல் நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வித்தை. தென்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பிய அலை ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து வருகிறது. தன் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் அது தலைகுப்புற உடைகிறது. எந்த அலை எங்கே உடையும் என்று பார்த்த அளவில் சொல்லும் கண் மீனவனுக்கு உண்டு. அக்கண்ணே அலைச்சறுக்கிற்கும் முதல்.

கோவளத்தில் இக்கலையை வளர்த்தவர்களுள் தலையாயவர் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-இல் இங்கு ஒரு சர்பிங் பள்ளி தோன்றியது. புகையும் குடியும் கூடாது என்பதை அவர் தம் இளைஞர்க்கு விதியாக வைத்தார். 2013-இல் முதல் அலைச்சறுக்கு விழாவும் நடைபெற்றது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் இவ்விழாக்களுக்கு வந்து தாமும் அலை ஏறினார். இன்று நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் குப்பத்து இளைஞர்களிடம் மாணாக்கராக வந்து நிற்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தோர் மட்டும் பாடம் கேட்டனர். கட்டணம் ஆளொன்றுக்கு 1,200 ரூபாய். முதலில் மணலில் பலகையை வைத்து, படுப்பதும் துழாவுவதும் எழுவதும் கற்பித்தனர். பலகையைக் கணுக்காலோடு ஒரு கயிற்றால் பிணைத்தனர். விழுந்தாலும் பலகை அகன்று போகாது. பிறகு மார்பளவு நீருக்குள் அழைத்துச் சென்று, உடைந்த அலையின் நுரையில் பழக்கினர். முந்திய மாலை இழுப்பில் இறங்கிய சிறுவனும் ஆசிரியரின் கையைப் பற்றிக்கொண்டு சென்றான். பத்து முறை விழுந்தான். பதினோராம் முறை மூன்று நொடி நின்றான். கரையில் இருந்த பெரியவர் அனைவரும் கைதட்டினோம். அலை ஏறுவதைக் காண்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை என்பதையும் சிக்கன மனத்தினர் குறித்துக்கொள்க.

பருவம் அறிந்து செல்வது இன்றியமையாதது. தை, மாசியில் அலை சிறிது, பிள்ளைகட்கு ஏற்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை பெரிதாகும். தேர்ந்தோர் அப்போதே திரள்வர். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் உண்டாதலின் தவிர்ப்பது நலம்.

மல்லையில் ஒரு நாள்

சனிக்கிழமை நண்பகல் உணவுக்குப்பின் பேருந்தேறி மாமல்லபுரம் சென்று தங்கினோம். வழியில் சாளுவன்குப்பம் உள்ளது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் மணலுக்கடியில் பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்று அங்கே கண்டறியப்பட்டது. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தவச் சிற்பத்தைச் சாலையில் நின்றே காணலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் சீட்டு ஒன்றே போதும். பதினைந்து வயதிற்குட்பட்டோர்க்குச் சீட்டு இல்லை. கோயிலருகே கடல் கொடியது. அங்கே குளித்தல் ஆகாது. ஞாயிறு காலை அனைத்தையும் கண்டு, பிற்பகல் லால்பாக் வண்டியைப் பிடித்து இரவில் வீடு திரும்பினோம்.

செலவுக் கணக்கு

பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட ஒரு குடும்பத்தின் கணக்கைத் தருகிறோம். ரயில், போகவர 1,400 ரூபாய், பேருந்து 300, இரண்டு இரவு அறை வாடகை 2,600, உணவு 2,000, பிள்ளைகள் இருவரின் பாடம் 2,400, நுழைவுச் சீட்டு 80, சில்லறைச் செலவு 220. ஆக மொத்தம் 9,000 ரூபாய். பாடத்தை விடுத்தால் 6,600 போதும். மாதந்தோறும் 750 ரூபாய் ஒதுக்கினால் ஓராண்டில் சேரும் தொகை இது. கடற்கரையிலுள்ள பெரிய விடுதியில் ஓர் இரவுக்கே இதனினும் மிகுதியாகக் கேட்பர். எங்கள் பணத்தில் பெரும்பகுதி சிறு விடுதியார்க்கும், வறுத்த மீன் விற்ற பெண்மணிக்கும், கற்பித்த இளைஞர்க்கும் சென்றது என்பதில் எங்கட்கு நிறைவே.

தமிழகம் வரை செல்ல இயலாதவர்க்குக் கர்நாடகக் கரையும் உண்டு. மங்களூருக்கு வடக்கே சாம்பவி ஆறு கடல் சேரும் முல்கியில் 2004 முதல் அலைச்சறுக்குச் சங்கம் ஒன்று இயங்கி வந்துள்ளது. ‘சர்பிங் சுவாமி’ என்று பெயர் பெற்ற அமெரிக்கர் ஜாக் எப்னர் அதனை நிறுவினார். 2023-இல் தொடங்கிய சக்தித் திட்டத்தின்படி, கர்நாடக முகவரிச் சான்றுடைய மகளிர் சாதாரண அரசுப் பேருந்துகளில் மங்களூர் வரை கட்டணமின்றிச் செல்லலாம். அச்சான்று நம் இல்லத்தரசியரிடமும் உண்டு.

மற்றொரு கோவளம்

முடிக்குமுன், தொடக்கத்தில் குறித்த செய்தியைச் சொல்வோம். கர்நாடகத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்று, கேரளத்துக் கோவளத்தில் சுற்றுலாவினர்க்குப் பொருள் விற்று வாழ்ந்த குடும்பம் ஒன்று. அக்குடும்பத்து மகன் ரமேஷ் புதிகால் அக்கரையிலேயே அலை ஏறக் கற்றார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியின் தனியாள் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. கன்னட நாட்டிலிருந்து பெயர்ந்த வீட்டுப் பிள்ளை, மலையாளக் கரையில் பயின்று, தமிழ்க் கடலில் வென்றார். பெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் இரண்டு நாளைக் கடலுக்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். குப்பத்தை விட்டு விலகி நடவாதீர்கள். அங்குள்ள முதியவர் ஒருவரை வணங்கி, ‘ஐயா, இன்று கடல் எப்படி?’ என்று கேட்டுவிட்டு நீரில் கால் வையுங்கள்.