சைரன் ஒலித்தால் எங்கே போவது? போல்டர் ஓடை சொல்லும் பாடம்

நான் வேலையில் அலர்ட் அனுப்பும் மென்பொருள் எழுதுபவன். அலர்ட் போய்ச் சேர்ந்துவிட்டால் நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைப்பது எங்கள் வழக்கம். அந்த நினைப்பு தப்பு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு சின்ன ஓடை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் போல்டர். மலையிடுக்கிலிருந்து இறங்கும் போல்டர் க்ரீக் என்ற ஓடை ஊரின் நடுவே போகிறது. வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது முழங்கால் அளவுதான் தண்ணீர். பிராட்வே பாலத்தருகே ஒரு தூண் நிற்கிறது. 50, 100, 500 ஆண்டு வெள்ளங்கள் எந்த மட்டத்துக்கு வரும் என்று அதில் குறித்திருக்கிறார்கள். வெள்ள ஆய்வாளர் கில்பர்ட் வைட்டின் நினைவுத் தூண் அது.

'100 ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஆண்டும் வர 1% வாய்ப்பு உள்ள வெள்ளம். 30 வருட வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 26%. நாலில் ஒரு பங்கு!

அந்தத் தூணில் 1976 வெள்ளத்துக்கும் ஒரு குறி உண்டு. அது போல்டரில் வந்ததல்ல. அந்த ஆண்டு ஜூலை 31 மாலை, வடக்கே பிக் தாம்சன் மலையிடுக்கில் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. இறந்தவர்கள் 144 பேர். அன்று யார் என்ன செய்தார்கள் என்று வைட்டின் மாணவி ஈவ் கிரன்ட்ஃபெஸ்ட் ஆராய்ந்தார். காரில் ஏறி வெள்ளத்தை முந்தப் பார்த்தவர்கள் பலர் மாண்டார்கள். காரை விட்டுவிட்டுச் சரிவில் சில அடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். இன்று கொலராடோவின் மலைச்சாலைகளில் 'வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்' என்ற பலகைகள் நிற்கின்றன.

சரி, எச்சரிக்கை எப்படி வருகிறது? மலைமேல் தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. உள்ளே ஒரு சின்னத் தொட்டி. 1 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் அது கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு ரேடியோ சிக்னல். மழை வலுத்தால் சிக்னலும் அடுத்தடுத்து வரும். ஓடையின் மட்டத்தை அளக்கும் கருவிகளும் உண்டு. எல்லாவற்றையும் பார்த்துத்தான் சைரனும் கைபேசிச் செய்தியும் போகின்றன.

ஆனால் சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது. கதவைச் சாத்தித் தூங்குபவருக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது. 2013 செப்டம்பரில் இந்த ஊரில் ஒரே வாரத்தில் சுமார் 17 அங்குல மழை பெய்தது. அங்கே ஒரு வருடத்துக்கே சராசரி 20 அங்குலம்தான். அந்த மழையில் பெரிய ஓடையைவிட, மக்கள் அவ்வளவாகக் கவனிக்காத கிளை ஓடைகள் பல இடங்களில் மோசமாகப் பெருகின. போல்டர் கவுண்டியில் நால்வர் இறந்தார்கள்.

அதனால்தான் தயாரிப்பு மழைக்கு முன்பே நடக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, மாதத்தின் முதல் திங்களன்று காலை 10 மணிக்கும் இரவு 7 மணிக்கும் சைரனைச் சோதிக்கிறார்கள். கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, ஊர்க்காரர்களின் காதும் அந்த ஒலிக்குப் பழகிவிடுகிறது. மிக ஆபத்தான ஓடைக்கரை வீடுகளை, உரிமையாளர்கள் விற்க முன்வந்தால் நகராட்சி வாங்கி இடித்துவிடுகிறது. அந்த நிலம் வெள்ளம் பரவுவதற்கான திறந்தவெளியாகிறது. வெள்ளக் காப்பீடு எடுப்பவர்களும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அரசின் காப்பீடு நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். மேகம் கறுத்த பிறகு ஓடிப்போய் எடுத்தால் உதவாது.

கருவிகள் நமக்குச் சில நிமிடங்களை வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பாதையில் ஓடையைக் கடக்காமல் அங்கே போகலாம் என்பதை அந்த நிமிடங்களில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஓரடி வேகநீர் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நீங்களும் ஓடைப் பக்கம் குடியிருந்தால், மழையில்லாத ஒரு நாளில் வீட்டிலிருந்து மேட்டுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.