பாறை தெரிந்தால் பங்கு தெரியுமா?

ஜவ்வாது மலைக்கு மேற்கே, திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இருக்கிறது. நெருப்புக் குழம்பு இறுகி உருவானதுதான், ஆனால் சுண்ணாம்புக்கல்லைப் போலக் கார்பனேட் நிறைந்தது. எஃகுக்கு வலுவூட்டும் நியோபியத்தைக் கொண்ட பைரோகுளோர் கனிமமும் அதில் உண்டு. உலகின் நியோபியத் தேவையில் பெரும்பங்கைத் தரும் பிரேசிலின் அராஷா சுரங்கமும் கார்பனடைட்தான். இதைப் படித்தவுடன் இங்கே இன்னொரு அராஷா இருப்பதாக ஆசை எழும். கனிமத் தேடல் நிறுவனப் பங்குகளில் பணம் கரைவது இந்த ஆசையால்தான். அராஷாவில் வெயிலும் மழையும் பாறையை ஆழமாக மக்கவைத்து, கரைவதைக் கழுவிவிட்டு, நியோபியத்தைச் செறிவாக்கின. செவ்வாத்தூரிலோ அரசின் டாமின் நிறுவனம் வெட்டியெடுத்தது வெர்மிகுலைட். சூடாக்கினால் உப்பி, வெப்பத்தடுப்புக்கும் நாற்றங்காலுக்கும் உதவும் கனிமம். பாறையின் பெயர் ஒன்றாக இருப்பதால் சுரங்கத்தின் மதிப்பு ஒன்றாகிவிடாது.

நிலவியல் படித்தவருக்கு உண்மையில் கைகொடுப்பது, எதை வாங்கக்கூடாது என்ற தெளிவு. 'பத்து மீட்டருக்கு டன்னுக்கு ஐந்து கிராம் தங்கம்' என்று துளையிட்டுத் தேடும் ஒரு நிறுவனம் அறிவித்தால், துளை சாய்வாகப் போனதா, தாதுப் படுகையின் உண்மையான தடிமன் என்ன, ஒரே மீட்டரில் கிடைத்த கொழுத்த தங்கத்தைப் பத்து மீட்டருக்குப் பரப்பிச் சொல்கிறார்களா என்று அவர் கேட்பார். கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங்கில் பெரும் தங்கம் இருப்பதாகச் சொன்னபோது, அதன் சந்தை மதிப்பு சுமார் 600 கோடி கனடிய டாலராக ஏறியது. துளையிட்டு எடுத்த பாறையில் பாதியைச் சான்றாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்நிறுவனம் பெரும்பாலும் முழுவதையும் பொடியாக்கியது. 1997இல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளின் அருகே புதிதாகத் துளையிட்டபோதுதான் தங்கம் இல்லை என்பது தெரிந்தது. மாதிரிகளில் வெளித்தங்கத்தைக் கலந்திருந்தார்கள். நிலவியல் அறிந்த பலரும் அதில் ஏமாந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அவர்கள் அறிக்கையைப் படித்தார்கள், பாறையைச் சோதிக்கவில்லை. மோசடியைப் பிடித்துக்கொடுத்ததும் நிலவியலின் சோதனையே.

ஆனால் நம் நாட்டில் பாறைக்கு அப்பால் இரண்டு தீர்ப்புகள் உண்டு. ஒன்று சட்டம். 2015 முதல் சுரங்க உரிமை பெரும்பாலும் ஏலத்தில்தான் கிடைக்கிறது. தேடிக் கண்டுபிடித்தவருக்கே சுரங்கம் என்ற உறுதி இல்லாததால், தேடலை மட்டுமே நம்பிய நிறுவனங்கள் இங்கே மிகக் குறைவு. மற்றொன்று மக்கள். மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் ஏலத்தில் எடுத்தது. அதே தொகுதிக்குள் அரிட்டாபட்டியின் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் வந்தது. ஊர்கள் திரண்டன, டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. டங்ஸ்டன் இருந்ததா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. மக்கள் வாழும் நிலத்தை வெறும் கனிமக் கிடங்காகக் கணக்கிட்டதுதான் பிழை. அந்த எதிர்ப்பை முதலீட்டுக்கு வந்த தடையாக மட்டும் பார்ப்பது நியாயமும் அல்ல.

அப்படியானால் நிலவியல் படிப்பது வீணா? இல்லை. பத்து அறிவிப்புகளில் எட்டை ஒதுக்க முடிந்தாலே அது பெரிய லாபம். மீதி இரண்டில் பணம் போடுமுன் நிலவியல் அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள்: உரிமம் யார் கையில், நிலம் வனமா, அங்கே யார் வாழ்கிறார்கள், அடுத்த துளைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.