பாடம் நிலைக்க வீடும் வேண்டும்

செஞ்சிக் கோட்டை அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டம், தமிழகப் பள்ளிக் கல்வியில் அண்மைக்காலத்தில் நடந்த ஒரு பெரும் முயற்சியின் தொடக்கக் களமும் ஆகும். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்காக, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பள்ளி நேரம் முடிந்தபின் குழந்தைகளைத் திண்ணைகளிலும் பொது இடங்களிலும் கூட்டி, விளையாட்டும் கதையுமாக அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தனர்.

இம்முயற்சியின் பயனைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ ஆகிய பொருளியலாளர்கள், தமிழகக் கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். அதே கிராமங்களில் 2019ஆம் ஆண்டில் இருந்த அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில், 2021 டிசம்பரில் கணிதத்தில் சுமார் 0.7, மொழியில் சுமார் 0.34 திட்ட விலக்கம் அளவுக்குப் பின்னடைவு காணப்பட்டது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதைக் காட்டும் அளவே திட்ட விலக்கம்; அதில் 0.7 பங்கு என்பதால், கணிதத்தில் நேர்ந்த இழப்பு மிகப் பெரியது. ஆயினும் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தனர். பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளே இவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வந்தனர் என்பதும் அதில் தெரியவந்தது.

நிலையறிந்து கற்பித்தல்

வயதையும் வகுப்பையும் விட, குழந்தை உண்மையில் எட்டியுள்ள படிநிலையைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்குவதே பயனுள்ள கற்பித்தல் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்ட கருத்தாகும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பாட அட்டைகளையும், கற்க வேண்டிய படிகளை வரிசைப்படுத்தும் கற்றல் ஏணியையும் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற வழி செய்தது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனும் நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி அளிக்கிறது.

நினைவிலிருந்து மீட்டெடுத்தல்

கற்றதை நிலைநிறுத்தும் மற்றொரு வழி மீட்டெடுத்தல், அதாவது புத்தகத்தைப் பாராமல் படித்ததை மனத்திலிருந்து வரவழைத்தல். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் சுமார் 40 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ சுமார் 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளைக்குத் துணையாக முடியும் என்பதை இவ்வுண்மை உணர்த்துகிறது. “இன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள், எனக்குச் சொல்லு” என்று கேட்டுவிட்டு, பிள்ளை திக்கித் திணறி விடை தேடும்வரை பொறுத்திருக்கப் பள்ளிப் படிப்பு தேவையில்லை. அவ்வாறு தேடும் முயற்சியிலேயே நினைவு வலுப்பெறுகிறது.

குடும்பத்தின் பங்கு கேட்பதோடு முடிவதில்லை. நெல்லும், இப்பகுதியினர் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் விளையும் செஞ்சி வட்டாரத்தில், எடையும் விலையும் பெற்றோர் அன்றாடம் கையாளும் கணக்குகள். ஒரு மூட்டை 75 கிலோ எனில் 12 மூட்டை நெல் எத்தனை குவிண்டால் என்ற கணக்கை வீட்டில் கேட்டு வரச் சொல்லும் ஆசிரியர், தந்தையின் தொழிலறிவையும் பாடமாக்குகிறார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் நிற்கும் பழைய நெற்களஞ்சியத்தின் நீள, அகல, உயரங்களை மாணவர்கள் தாமே அளந்து கொள்ளளவைக் கணக்கிட்டால், ஒரே பயணத்தில் வரலாறும் கணிதமும் கைகூடும்.

பெற்றோரின் பங்கைச் சட்டமும் வலியுறுத்துகிறது: கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றோடு, ஒவ்வொரு குழந்தையும் இப்போது எந்த நிலையில் கற்கிறது, அடுத்த நிலைக்குச் செல்ல வீட்டில் என்ன செய்யலாம் என்பவற்றையும் இக்குழுக் கூட்டங்கள் பேச வேண்டும். மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன் பாடத்தை விசாரிக்கும் பழக்கத்தைப் பெற்றோர் இன்றே தொடங்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.